மலை ஏற 200 சிசி பைக் போதுமா, 650 சிசி வேணுமா? கம்பம், குமுளி, போடிமெட்டு பக்கம் ஓட்டுறவங்க சொல்லுங்க

கம்பம்_திராட்சை | சனி இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். வயசு 41, கம்பத்துல உரக்கடை. பதினாலு வருசமா ஒரே ஸ்பிளெண்டர். கடை, தோட்டம், பேங்கு எல்லாத்துக்கும் அதுதான். அதை விக்கப் போறதில்ல. இப்ப கேக்குறது ரெண்டாவது வண்டி, சும்மா ஊர் சுத்துறதுக்கு மட்டும். ஞாயித்துக்கிழமை கடை திறக்கிறதில்ல. குமுளி, வாகமண், போடிமெட்டு ஏறி மூணாறு, நாள் நீளமா இருந்தா மறையூர் இறங்கி உடுமலை. இவ்வளவுதான் ஆசை.

மனசு இன்டர்செப்டர் 650 மேல கிடக்கு. அந்த ரெட்டை சிலிண்டர் சத்தம் தெருவுல கேட்டா கல்லாவை விட்டு எந்திரிச்சு வந்து பாக்குறேன். மச்சான் என்னடான்னா, "மாமா, எக்ஸ்பல்ஸ் 200 எடுங்க, நம்ம ரோட்டுக்கு அதுவே ஜாஸ்தி"ங்குறான்.

உயரம் 5 அடி 5 அங்குலம், எடை 68 கிலோ. இடது முழங்கால்ல கொஞ்சம் வலி உண்டு. வீட்டுக்காரம்மா எப்பவாவது பின்னாடி வருவாங்க. பணத்தைப் பத்திக் கவலைப்படாதீங்க, அது எனக்கும் பேங்குக்கும் உள்ள விவகாரம்.

ஓட்டினவங்க மட்டும் சொல்லுங்க. வீடியோ பாத்துட்டுச் சொல்ல எங்க வீட்டுலயே ஆள் இருக்கு.


ஓரம்போ | சனி இரவு 9.52

650 எடுங்க. கடை வாசல்ல நிறுத்துனா உரம் விக்கும்.


நாலுவழி_ராசா | சனி இரவு 10.15

ஓட்டுறவன் சொல்றேன், கேளுங்க. தேனி. நாலு வருசமா இன்டர்செப்டர் வச்சிருக்கேன். 648 சிசி, 47 குதிரை சக்தி. திண்டுக்கல் போய் நாலுவழிச் சாலையைப் பிடிச்சா சென்னை வரைக்கும் 90-ல வச்சு உக்காந்திருக்கலாம். எஞ்சின் வேலை செய்யுதான்னே தெரியாது. அதே 90-ல 200 சிசி வண்டி கத்திக்கிட்டே வரும், ரெண்டு மணி நேரத்துல உள்ளங்கை மரத்துப் போகும். பஸ்ஸைத் தாண்டணும்னா கியரை மாத்தவே வேணாம், கைப்பிடியை லேசாத் திருப்புனா போதும். பெரிய வண்டின்னா வேகம்னு நினைக்கிறாங்க. எனக்கு அது அலுப்பில்லாம ஊர் போய்ச் சேர்றது.

பிரேக்கையும் பாருங்க. 125 சிசிக்கு மேல ஏபிஎஸ் (சட்டுன்னு பிடிச்சாலும் சக்கரம் பூட்டிக்காம பாத்துக்குற பிரேக்) கட்டாயம், 2019 ஏப்ரல்ல இருந்து. ஆனா முன் சக்கரத்துக்கு மட்டும் இருந்தாலே சட்டத்துக்குப் போதும். 650-ல ரெண்டு சக்கரத்துக்கும் உண்டு. மழையில இறங்கி வர்றவனுக்கு இதோட அருமை தெரியும்.

வீட்டுக்காரம்மா வர்றாங்கன்னா பேச்சே வேணாம். என் சம்சாரம் பின்னாடி தூங்கியே இருக்காங்க. அது தப்புதான், ஆனா நடந்துச்சு.


குமுளி_பட்டறை | ஞாயிறு காலை 6.05

தம்பி, நான் குமுளியில 22 வருசமா பட்டறை வச்சிருக்கேன். ரெண்டு பக்கத்து வண்டியும் வரும். கொஞ்சம் நீளமா எழுதுறேன், கடை திறக்க இன்னும் நேரமிருக்கு.

எங்கிட்ட வர்ற பெரிய வண்டியில எஞ்சின் கோளாறு குறைவு. கிளச் லீவர் வளைஞ்சது, இடது பக்க இண்டிகேட்டர் உடைஞ்சது, கால் மிதி மடங்குனது, டேங்குல சொட்டை. இதுதான் வரும். "எங்க விழுந்தீங்க?"ன்னா பத்துல ஏழு பேர் சொல்றது, "விழலண்ணே, நிறுத்தும்போது சாஞ்சுருச்சு." ஓடும்போது வண்டி தன்னால நிக்கும். நிறுத்துனாத்தான் நீங்க பிடிக்கணும்.

போன மாசம் ஒருத்தர், மதுரைக்காரர், வியூ பாயின்ட்ல போட்டோ எடுக்கணும்னு வண்டியை மூக்கு பள்ளத்தைப் பாக்க நிறுத்திட்டார். எடுத்து முடிச்சதும் பின்னாடி தள்ளணும். ஏத்தம், ஜல்லி, செருப்புக் கால். 200 கிலோவுக்கு மேல இருக்கு வண்டி. பத்து நிமிசம் கொம்பு பிடிச்ச மாதிரி ஹேண்டிலைப் பிடிச்சுக்கிட்டு நின்னிருக்கார். கடைசியில கடலை விக்கிற பையனும் டீக்கடைக்காரரும் சேர்ந்து இழுத்திருக்காங்க. ஸ்பிளெண்டர்னா ஒரு கையில திருப்பியிருப்பார். அது 112 கிலோதான்.

அதனால சிசியைப் பாக்காம கிலோவைப் பாருங்க. எக்ஸ்பல்ஸ் 200 சுமார் 160 கிலோ. கிளாசிக் 350 போட்டா 195. அதாவது 350 நடு வண்டின்னு எல்லாரும் நினைக்கிறாங்க, தூக்கிப் பாத்தா அது பெரிய வண்டி. புது ஹிமாலயன் 452 சிசி, 40 குதிரை, 196 கிலோ. ட்ரயம்ப் ஸ்பீட் 400-ம் 40 குதிரைதான், ஆனா 180 கிலோவுக்குள்ள. சிசி ஒரு பக்கம் ஏறுது, எடை வேற கணக்குல போகுது.

நீங்க 68 கிலோ. 650-ன்னா உங்களை மாதிரி மூணு பேரைத் தாங்கிப் பிடிக்கணும், அதுவும் வலிக்கிற இடது கால்ல.

லோயர் கேம்ப்ல இருந்து இங்க ஏறும்போது எண்ணிப் பாருங்க, நாலாவது கியர் எத்தனை தடவை போடுறீங்கன்னு. ரெண்டு, மூணு, ரெண்டு, மூணு. அவ்வளவுதான் ரோடு. 650-ல கால்வாசி முறுக்குறதுக்குள்ள அடுத்த வளைவு வந்து நிக்கும். 200-ல முழுசாத் திருப்பி, கியர் மாத்தி, இறக்கி, வேலை செஞ்சுக்கிட்டே ஏறணும். சிலருக்கு அந்த வேலைதான் சந்தோசம். நீங்க எந்த ரகம்னு எனக்குத் தெரியாது.


ஓரம்போ | ஞாயிறு காலை 8.30

ராசா அண்ணே, தூங்குன கதையை அண்ணியே வந்து சொன்னாத்தான் நம்புவேன்.


ஆர்எக்ஸ்_ரசிகன் | ஞாயிறு காலை 8.44

என்னய்யா 200, 650? யமஹா ஆர்எக்ஸ் 100-ஐப் பாருங்க: 98 சிசி, 11 குதிரை, நூறு கிலோ சுமார். 1985-ல வந்து 1996-ல நிறுத்திட்டாங்க, இன்னிக்கும் அதுக்கு ஈடு கிடையாது. போடிமெட்டு ஏத்தத்துல எவன் வந்தாலும் பாத்துக்கலாம்.


குமுளி_பட்டறை | ஞாயிறு காலை 8.58

ஏத்தம் சரி தம்பி. இறங்கும்போது? அது ரெண்டு ஸ்ட்ரோக் எஞ்சின், கியர்ல அவ்வளவா வேகத்தைப் பிடிக்காது, பெரும் பாரமும் பிரேக்குக்குத்தான். அந்த வண்டிக்கு முன்னாடியும் பெரும்பாலும் டிரம் பிரேக். எனக்கும் பிடிச்ச வண்டிதான், என் பட்டறையிலயே ஒண்ணு சாக்கு போத்தி நிக்குது. ஆனா இவர் கேக்குறது வேற.

இறக்கம்னு வந்ததால சொல்லிடுறேன். பெட்ரோல் மிச்சம்னு சொல்லி நியூட்ரல்ல இறங்குறவங்க இன்னும் இருக்காங்க. ஒரு குடும்பம், நூறு சிசி வண்டி, நாலு உருப்படி, அப்படியே உருட்டிக்கிட்டு லோயர் கேம்ப் வந்திருக்கு. பின் டிரம்மைத் தொட முடியல, பால் தீஞ்ச மாதிரி வாசம். தண்ணி ஊத்தப் போனார், நான்தான் தடுத்தேன். எந்தக் கியர்ல ஏறுனீங்களோ அதே கியர்ல இறங்குங்க. சின்ன வண்டிக்கும் அதுதான், பெரிய வண்டிக்கும் அதுதான்.


தேயிலைக்காரி | ஞாயிறு பகல் 11.20

வண்டிப்பெரியார்ல டீச்சர். உயரம் 5 அடி 1. ஹன்டர் 350 ஓட்டுறேன், 181 கிலோ. பட்டறைக்காரண்ணன் எடையைச் சொன்னார், நான் காலைச் சொல்றேன்.

ஷோரூம்ல உக்காந்து ரெண்டு காலும் தரையில படுதான்னு பாக்குறோம். அந்தத் தரை சிமெண்டு, சமதளம். எங்க ரோடு ஓரத்துக்குச் சரியும். இடது காலை ஊனுனா நாலு விரக்கடை பள்ளம், சில இடத்துல ஓடையே இருக்கும். ஷோரூம்ல எட்டுன கால் அங்க எட்டாது. அதனால நான் ரெண்டு காலையும் ஊனுறதே இல்ல. நிக்கப் போறதுக்கு முன்னாடியே எந்தப் பக்கம் மேடுன்னு பாத்து, அந்தக் கால் மட்டும். ஏத்தத்துல நிக்கணும்னா இடது காலை ஊனி, வலது காலைப் பின் பிரேக்குல வச்சுக்கணும். வேற வழி இல்ல.

அதாவது, அண்ணா, மலையில வண்டியைத் தாங்குறது இடது கால். உங்களுக்கு வலிக்கிறதும் அதுதான். கியர் போடுறதும் அதே கால்தான். இதை யோசிச்சீங்களா?

எக்ஸ்பல்ஸ் சீட் 825 மி.மீ., என்னோடது 800. அந்த எண்ணைப் பாத்துப் பயப்படாதீங்க. சீட் முன்பக்கம் ஒடுங்கலா இருந்தா கால் நேரா இறங்கும், அகலமா இருந்தா விரிஞ்சு போகும். உக்காந்து பாக்கணும். முடிஞ்சா சரிவுல நிறுத்தி உக்காந்து பாருங்க, ஷோரூம்காரங்க முறைப்பாங்க, பரவால்ல.


கணக்குப்பிள்ளை | ஞாயிறு பகல் 12.10

பணத்தைப் பத்திக் கவலைப்படாதீங்கன்னு எழுதியிருக்கார். கவலைப்படுறதுதான் எனக்குத் தொழில், சொல்லாம இருக்க முடியல.

2025 செப்டம்பர் 22-ல இருந்து ஜிஎஸ்டி மாறிப்போச்சு. 350 சிசி வரைக்கும் 28-ல இருந்து 18 சதவீதம். அதுக்கு மேல 40. முன்னாடி பெரிய வண்டிக்கு செஸ்ங்கிற கூடுதல் வரி சேர்த்து 31-தான் இருந்துச்சு. ஆக சின்னது இறங்கிருச்சு, பெருசு ஏறிருச்சு. 349 சிசி வண்டி அந்தக் கோட்டுக்கு ஒரு சிசி உள்ள நிக்குது, பாத்துக்கோங்க.

அடுத்து இன்சூரன்ஸ். புது வண்டிக்கு மூணாம் நபர் காப்பீடு அஞ்சு வருசத்துக்கு மொத்தமாக் கட்டணும். 2022 ஜூன்ல வந்த கட்டணப்படி 150-ல இருந்து 350 சிசி வரை 7,365 ரூபாய், 350-க்கு மேல 15,117. ரெட்டிப்பு. டயர், செயின் செட்டு எல்லாம் தனி.


சித்தூர்_பனங்காடு | ஞாயிறு மாலை 4.35

பாலக்காடு சித்தூர்ல இருந்து எழுதுறேன். எல்லாரும் மலையைப் பத்தியே பேசுறீங்க, எங்க பக்கம் கணவாய். ஆடிக் காத்துல வாளையார்ல இருந்து கஞ்சிக்கோடு வரைக்கும் ஒரு தடவை ஓட்டிப் பாருங்க. லாரி மறைப்புல இருந்து வெளிய வர்றப்ப பக்கவாட்டுல ஒரு அடி விழும் பாருங்க, 150 சிசி வண்டி அரை லேன் நகந்துடும். நான் லேசு வண்டியில முன்னாடி காத்தை மறைக்கிற உயரமான கண்ணாடி மாட்டியிருந்தேன், அது பாய்மரம் மாதிரி வேலை செஞ்சுது. கழட்டி வீட்டுல வச்சுட்டேன். இப்ப கிளாசிக் 350, அதே காத்துல நேராப் போகுது. கனமும் ஒரு குணம்தான்.

நீங்க வீரபாண்டி தாண்டித் தேனி, கண்டமனூர் பக்கம் போவீங்கள்ல? காத்தாடி சும்மாவா நட்டு வச்சிருக்கான்.


புளியரை_சாரல் | ஞாயிறு மாலை 5.20

செங்கோட்டைக்காரன். அண்ணாச்சி, ஒரு விசயம் விட்டுப் போச்சு. நம்ம நாட்டுல கியர் வண்டி லைசென்ஸ் ஒண்ணுதான். நேத்து எடுத்த பயலும் இன்னிக்கு 650 வாங்கலாம். இங்கிலாந்துல படி வச்சிருக்கான்: முதல்ல 125 சிசி, பெறவு 35 கிலோவாட் வரைக்கும், அதுக்கு மேலதான் எதுவும். வேடிக்கை என்னன்னா இந்த 650-ஓட 47 குதிரை சரியா 35 கிலோவாட், அந்த நடுப் படிக்குள்ளயே அடங்கிரும். அதனால அதை ராட்சசன்னு பேசாதீங்க. கனம் உண்டு, முரடு கெடையாது.

எங்க புளியரை எஸ் வளைவுல சாரல் நேரம் தார் மேல வழுவழுன்னு ஒரு படலம் கிடக்கும். அங்க எனக்கு வேண்டியது நல்ல டயர். சிசி ரெண்டாம் பட்சம்.


போடி_ஜீப்பு | ஞாயிறு இரவு 9.05

நான் பைக் ஓட்டுறதில்ல. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏத்திக்கிட்டு தினம் விடியக்காலம் போடிமெட்டு ஏறுற ஜீப்பு. எதுத்தாப்புல வர்றவன் சொல்றதையும் கேளுங்கப்பா.

முந்தல் செக்போஸ்ட் தாண்டுனா 17 கொண்டை ஊசி. மேல ஏறுற வண்டிக்குத்தான் முதல் வழி. நான் நின்னா, பின்னாடி உள்ள பொம்பளையாளுக அத்தனை பேரையும் வச்சுக்கிட்டுத் திரும்ப எடுக்கணும். ஆனா சனி ஞாயிறு வர்ற பெரிய வண்டிக்காரங்க வளைவுல உள்பக்கம் மடக்க முடியாம விரிச்சு என் பக்கம் வர்றாங்க. நான் ஆரன் அடிச்சதும் பயந்து பிரேக்கைப் பிடிக்கிறாங்க, அங்கயே சாஞ்சுர்றாங்க. போன வாரம் கூட ஒருத்தரை நாங்க நாலு பேர் இறங்கித் தூக்கி விட்டோம். தோட்டத்துக்கு லேட்டு, அரை நாள் கூலி போயிரும்னு பின்னாடி அக்கா திட்டுது, அவரு "தாங்க்ஸ் ப்ரோ"ங்குறாரு.

சின்ன வண்டிக்காரன் மட்டும் யோக்கியமான்னா, அவன் எனக்கும் பாறைக்கும் நடுவுல நுழையப் பாப்பான். அது வேற தலைவலி. பனி இறங்குனா மஞ்சள் லைட்டோ வெள்ளை லைட்டோ, போட்டுக்கிட்டு ஓரமா வாங்க.


நாலுவழி_ராசா | ஞாயிறு இரவு 9.40

ஜீப்பண்ணே, அந்த "ப்ரோ" நான் இல்ல. ஆனா ஒத்துக்குறேன், வாங்குன முதல் வருசம் ரெண்டு தடவை சாச்சிருக்கேன். ரெண்டும் நின்ன இடத்துலதான். ஒண்ணு பெட்ரோல் பங்குல, அத்தனை பேர் பாக்க.

இருந்தாலும் என் வாக்கு மாறல. வளைவுல மெதுவாப் பாதி கிளச்ல, பின் பிரேக்கை லேசா அழுத்திக்கிட்டு, கண்ணை வளைவு முடியிற இடத்துல வச்சுத் திருப்பணும். ஒரு காலி மைதானத்துல நாலு ஞாயிறு பழகுனா வந்துரும். பழகாம மலைக்கு வர்றதுதான் தப்பு. இவரை என் வண்டியை ஓட்டிப் பாக்கச் சொல்லுங்க. அடுத்த ஞாயிறு தேனி வந்தா சாவி தர்றேன்.


குமுளி_பட்டறை | ஞாயிறு இரவு 10.02

அதுதான் சரி. எங்கிட்ட ஒரு எக்ஸ்பல்ஸ் நிக்குது, வெளிநாடு போன பையனோடது, ஓட்டிக்கிட்டே இருன்னு சொல்லி விட்டுட்டுப் போயிருக்கான். அதுக்கு அடுத்த ஞாயிறு இங்க வாங்க. ஹெல்மெட் ரெண்டா எடுத்துட்டு வாங்க, வீட்டுக்காரம்மா பின்னாடி வந்தாலும் ஹெல்மெட் இல்லாம இந்தப் பக்கம் விட மாட்டாங்க. கேமரா இருக்கு.


கம்பம்_திராட்சை | பதினஞ்சு நாள் கழிச்சு, ஞாயிறு இரவு 8.15

எல்லாருக்கும் நன்றி. ரெண்டு வண்டியும் ஓட்டியாச்சு. நடந்ததை அப்படியே எழுதுறேன்.

முதல் ஞாயிறு ராசா அண்ணனோட 650. வீட்டுக்காரம்மாவை ஏத்திக்கிட்டு தேனியில இருந்து ஆண்டிபட்டி, உசிலம்பட்டி வழியா மதுரை வரைக்கும் போய் வந்தோம். பொய் சொல்ல மாட்டேன், அப்படி ஒரு சுகத்தை நான் அனுபவிச்சதில்ல. கணவாயில ஏறுனதே தெரியல. "இது வண்டி மாதிரியே இல்ல, சோபா மாதிரி இருக்கு"ன்னாங்க. தூங்கல. (ஓரம்போ கவனிக்கவும்.)

சாயங்காலம் தனியா போடிமெட்டு. ஏழெட்டு வளைவு வரைக்கும் ரோட்டுக்கே ராஜா நான்தான். அதுக்கப்புறம் ஒரு வளைவுல எதிர்ல கட்டைப் பாரம் ஏத்துன லாரி. நின்னேன். இடது காலை ஊனுனேன், ஊனுன இடத்துல ரோடு ஒரு சாண் கீழ இருந்துச்சு. டீச்சர் சொன்ன அதே பள்ளம். முழங்கால்ல சுருக்குன்னு ஒரு இழுப்பு. வண்டி சாயல, ஆனா சாஞ்சிருந்தா என்னால நிறுத்தியிருக்க முடியாதுன்னு கைக்குத் தெரிஞ்சு போச்சு. லாரிக்காரர் பாவம், எஞ்சினை அணைச்சுட்டுக் காத்திருந்தார். அங்கயே மெதுவாத் திருப்பி இறங்கிட்டேன். அண்ணே, வண்டியில ஒரு கீறல் இல்லாமக் கொடுத்தேன்ல?

நேத்து... இல்ல, இன்னிக்குக் காலையிலதான், குமுளி அண்ணன் பட்டறை எக்ஸ்பல்ஸ். உக்காந்தப்ப நுனிக்கால்தான் பட்டுச்சு, பயந்தேன். வண்டிப்பெரியார் தாண்டி, குட்டிக்கானம் போய், வாகமண் ரோட்டுல திரும்புனேன். 650-ல லாரியைப் பாத்தேன், டயரைப் பாத்தேன், ஓடையைப் பாத்தேன். இதுல தேயிலையைப் பாத்தேன். ஒரு இடத்துல மண் ரோடு பிரிஞ்சு போச்சு, எங்க போகுதுன்னு தெரியல, வண்டியை அதுக்குள்ள விட்டுட்டேன். அரை கிலோமீட்டர் போய் ஒரு வீட்டு வாசல்ல முடிஞ்சுது, நாய் குரைச்சுது, வண்டியை இடத்துலயே மடக்கித் திரும்பி வந்தேன். 650-ல அந்த ரோட்டுக்குள்ள போயிருக்கவே மாட்டேன். ஏத்தத்துல மேல போகப் போக இழுவை கொஞ்சம் குறையுது, அது உண்மை.

திரும்பி வந்து வீட்டுக்காரம்மாவை ஒரு ரவுண்டு ஏத்திக் காட்டினேன். கூடலூர் வரைக்கும்கூடப் போகல, "சீட்டு பலகை மாதிரி இருக்கு"ன்னு இறங்கிட்டாங்க. சரி, அப்ப 650-தானா, முழங்காலுக்கு வைத்தியம் பாத்துக்கலாமான்னு இழுத்தேன். அவங்க சொன்னாங்க, "நீங்க மலைக்குத் தனியாத்தானே போகப் போறீங்க. நான் மதுரை போகணும்னா பஸ் இருக்கு."

200 எடுக்குறேன். அந்த வெளிநாட்டுப் பையன் விக்கிறானான்னு கேட்டுச் சொல்லுங்கண்ணே.


ஓரம்போ | ஞாயிறு இரவு 8.31

உர வியாபாரம் போச்சு.


நாலுவழி_ராசா | ஞாயிறு இரவு 8.50

கீறல் இல்ல, ஒத்துக்குறேன். ஆனா டேங்கை நிரப்பாமக் கொடுத்தீங்க, அதையும் இங்கயே எழுதி வைக்கிறேன். மதுரைக்குப் போகணும்னு தோணுனா சாவி அதே ஆணியிலதான் தொங்கும்.


குமுளி_பட்டறை | திங்கள் காலை 6.10

பையன்கிட்டப் பேசிட்டேன், குடுக்குறேன்னுட்டான். கேரள நம்பர், அதனால ஆர்சியைத் தமிழ்நாட்டுக்கு மாத்தணும், இங்க தடையில்லாச் சான்று வாங்கணும், கொஞ்சம் அலைச்சல் உண்டு. டியூப் டயர்தான், ஒரு டியூபும் பஞ்சர் கிட்டும் சீட்டுக்கு அடியில போட்டுத் தர்றேன். மறையூர் ரோட்டுல காட்டுக்குள்ள பஞ்சரானா கடை கிடையாது, இருட்டுனா செக்போஸ்ட்ல விடவும் மாட்டாங்க. வர்றப்ப பழைய சேலைத் துணி ரெண்டு எடுத்துட்டு வாங்க. சக்கரத்தைக் கழட்டி டியூப் மாத்துறதை உங்க கையாலயே ஒரு தடவை செய்ய வச்சுட்டுத்தான் சாவி தருவேன்.